சகலையின் கைராசி

என் சகலைக்குப் பட்டறையில் கைராசி என்று பெயர். டாக்டருக்குத்தானே கைராசி என்பார்கள், டயரைத் தடவுகிறவனுக்கு எதற்கு என்று நானும் முனகிப் பார்த்துவிட்டேன். பெயர் ஒட்டிக்கொண்டது. ஏன், எனக்கு மட்டும் ராசி கையில் இல்லாமல் காலிலா இருக்கிறது?

முறைப்படி நான்தான் மூத்தவன். மாமனாருக்குப் பெரிய மாப்பிள்ளை, அவர் பட்டறையில் பதினெட்டு வருஷத்து ஆள். அவன் என் மச்சினியைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவன். முன்னால் வந்த காதைப் பின்னால் வந்த கொம்பு மறைத்தது என்பார்களே, அந்தக் காது நான்.

வண்டி வந்ததும் அவன் பானெட்டைத் திறக்க மாட்டான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை டயர் மேல் வைப்பான். உள்பக்கமிருந்து வெளியே ஒரு தடவை, வெளியேயிருந்து உள்ளே ஒரு தடவை. போகும்போது வழுவழு, வரும்போது சொரசொர என்றிருந்தால் சக்கரம் நேராக உருளாமல் கோணலாக இழுபடுகிறது என்று அர்த்தம். பிறகு ஒரே கேள்விதான். "கையில ஆடுதா, சீட்ல ஆடுதா?" ஸ்டீயரிங் ஆடினால் கோளாறு முன்னால், சீட் ஆடினால் பின்னால். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் தடவினால் கையில் கரிதான் ஒட்டுகிறது.

அதனால்தான் மாமனாரிடம் மல்லுக்கட்டி அலைன்மென்ட் மெஷின் வாங்க வைத்தேன். சக்கரம் சரியாக இருந்தால் திரையில் பச்சைக் கோடு, தப்பென்றால் சிவப்பு. யார் கையையும் கெஞ்ச வேண்டாம்.

அந்த மாசம் மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "என்னால முடியலை மாப்ளே. மாசக் கடைசியில பட்டறைச் சாவியை உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கையில கொடுத்துடறேன்." அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பார்த்து அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா வண்டி வந்தது. எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, வலது முன் டயர் உள்ளோரம் மட்டும் தேய்கிறது. மெஷினில் ஏற்றினேன், திருத்தினேன், எல்லாம் பச்சை. நடுக்கம் போகவில்லை. இரண்டு தடவை வீல் பேலன்ஸ் பார்த்தேன். மூன்றாம் முறையும் வந்து நின்ற அந்தம்மா, மாமனார் காதுபடவே சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. கைராசியை ஒருதடவை பார்க்கச் சொல்லுங்களேன். நான் நாலு மணிக்கு வரேன்."

வயிறு எரிந்தது என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் வண்டியைத் தூக்கினேன். முன் டயர் இரண்டையும் பின்னால் போட்டேன், பின் டயர்களை முன்னால் மாட்டினேன். இப்போது தடவட்டும். முன்னால் வழுவழுவென்று இருக்கும். மாமனார் எதிரிலேயே திருதிருவென்று முழிப்பான். அவன் செருப்புச் சத்தம் கேட்கவும், கடைசிப் பின் வீலில் நட்டுகளை மறைக்கிற மூடியை அவசரமாக அழுத்திவிட்டுக் கை கழுவப் போனேன்.

நாலு மணிக்கு அவன் முன் டயரைத் தடவினான். நெற்றி சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் பாயசம். "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று மாமனாரையும் டாக்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு போனான்.

திரும்பி வந்து இறங்கும்போதே டாக்டரம்மா சொன்னார். "அதிசயமா இருக்கு. காலைல வரைக்கும் கையில ஆடுச்சு. இப்ப சீட்ல ஆடுது!"

அவன் வண்டிக்குப் பின்னால் போனான். வலது பின் டயரில் உள்ளங்கையை வைத்தான். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவ்வளவுதான், மானம் போயிற்று என்று நினைத்தேன்.

"மாமா, அண்ணன் டயரை முன்ன பின்ன மாத்திப் போட்டுப் பார்த்திருக்காரு" என்றான். "அதனாலதான் விஷயம் தெரிஞ்சுது. டயரோட ஆட்டமும் பின்னாடி போயிடுச்சு பாருங்க. அப்ப ஆடுறது டயர். அதை இப்படித் தின்னது மட்டும் இன்னும் முன்னாடியே உக்காந்திருக்கு."

முன்பக்கத்தைத் தூக்கி, வலது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாக ஆட்டினான். டக், டக் என்றது. சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கிற கம்பியின் முனை தேய்ந்து தொளதொளத்திருந்தது. நிற்கிற வண்டியில் மெஷின் பச்சைதான் காட்டும், ஓடும்போது நழுவும். மெஷினில் ஏற்றுமுன் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பச்சைக் கோட்டை நம்பி நான் அதை மறந்து எவ்வளவோ நாளாயிற்று.

மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. "மாத்திப் போட்டுப் பார்க்கணும்னு தோணுச்சு பாருங்க, அந்த மூளைதான் பட்டறைக்கு வேணும்" என்று மாசக் கடைசி வரைகூடப் பொறுக்காமல், இடுப்புச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். சகலைதான் முதலில் கை தட்டினான்.

கம்பி முனையை மாற்றி, வேறு டயர் போட்டு, டாக்டரம்மாவை அனுப்பிவிட்டுக் குழாயடியில் நின்றோம். அவன் சோப்பை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, பின் வீல்ல மூணு நட்டு ஸ்பானர் படாம கைமுறுக்குலயே இருந்துச்சு. மூடியைக் கழட்டினப்பதான் பார்த்தேன்" என்றான் மெதுவாக. "முறுக்கிட்டேன். மாமாகிட்ட சொல்லலை."

அந்த வண்டியில்தான் மூன்று பேரும் எண்பதில் போய் வந்திருக்கிறார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டான்.

சாவி இப்போது என் இடுப்பில்தான் இருக்கிறது. பொறாமை மட்டும் போகவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். முன்பெல்லாம் அவன் கையைப் பார்த்து எரிந்தேன், கையையாவது பழகிக்கொள்ளலாம். இப்போது அவன் மனசைப் பார்த்தல்லவா எரிகிறேன்.