தாழப் பறக்கச் சொன்னது யார்?

சென்ற ஆண்டு, மலேசியாவின் சுங்கை புரோங் வயல்களில் நெல் பால்பிடித்திருந்த சமயம். ட்ரோனில் மருந்தடித்துக் கொடுக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் நான் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. இரண்டே வாரத்தில் எங்கள் ட்ரோன்கள் மூன்று வயலில் விழுந்து நொறுங்கின. மூன்றையும் ஓட்டியவர் ஒருவரே. அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

எங்கோ நடந்த போர்தான் அந்த நாட்களில் எல்லாருடைய கைப்பேசியிலும். தரைப்படை முன்னேறுவதையும், துணைக்கு வந்த விமானங்கள் சுடப்பட்டு விழுவதையும் சாப்பாட்டு நேரத்தில் பந்து விளையாட்டைப் போலப் பார்ப்போம்.

"இவ்ளோ பெரிய படை, ஓட்டத் தெரியல பாரு. நம்ம ஆளு மாதிரிதான்லா" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ட்ரோன்காரர் மூலையில் தலைகுனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அன்று மாலையே அவருக்கு வேலைநீக்கக் கடிதம் தட்டச் சொன்னார் முதலாளி. காரணம், கவனக்குறைவு. தட்டிவிட்டேன். கையெழுத்துப் போட வந்தவர் பேனாவைத் தொடவில்லை.

"அக்கா, ஒசரத்துல போற பிளேன் லேசுல விழாது. கீழ தன்னோட ஆளுங்க முன்னேறுறப்ப, அவங்களக் காப்பாத்த அது தாழ எறங்கித்தான் ஆகணும். எறங்குனா, பொதருக்குள்ள தோள்ல ஏவுகணை வச்சிருக்கிறவனுக்கும் எட்டிரும். தெனம் ஒரே வழியா வந்தா காத்துக்கிட்டே இருப்பான். வர்றது யாருன்னு கீழ சொல்லி வைக்கலன்னா சொந்த ஆளே சுட்ருவான். ஓட்டத் தெரியாமயா விழுது? என்னைத் தாழப் பறக்கச் சொன்னது யாரு? கயிறு இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

மருந்து பயிரில் சேரவில்லை என்று புகார் வந்ததும், இன்னும் கீழே இறக்கச் சொன்னது முதலாளி. கயிறு என் பொறுப்பு. குருவி நெல்லைத் தின்னாமலிருக்க விவசாயிகள் வயலுக்குக் குறுக்கே மெல்லிய நைலான் கயிறு கட்டுவார்கள். கட்டியதும் ஆபீசுக்கு மலாயில் குரல் செய்தி அனுப்புவார்கள். அதைக் கேட்டு வரைபடத்தில் குறித்து அவரிடம் கொடுக்க வேண்டியவள் நான். அவர்களோ சலாம் சொல்லி, வயல் எண்ணைச் சொல்லி, மழை, மூட்டுவலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்தான் கயிற்றுக்கு வருவார்கள். நான் வயல் எண் வந்ததுமே நிறுத்திவிடுவேன்.

அவர் எதிரிலேயே அந்த மூன்று வயல்களின் செய்திகளையும் முழுதாகக் கேட்டேன். மூன்றிலும் கயிறு இருந்தது. கூனிக்குறுகிப் போனேன்.

கைப்பேசியோடு முதலாளியிடம் ஓடினேன். கேட்டுவிட்டு, "தட்டுனது அப்படியே இருக்கட்டும்மா. யாராச்சும் ஒருத்தன் பேரு வேணும்லா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்ன நியாயம் இது? உத்தரவு போட்டவர் குளிர்சாதன அறையில் இருக்கிறார், செய்தியைக் கேட்காதவள் நாற்காலியில் இருக்கிறேன், பிள்ளை பிறக்கப் போகிறவன் மட்டும் வீட்டுக்குப் போக வேண்டுமா?

"அப்ப என் பேரப் போடுங்க. தாழ எறக்கச் சொன்ன உங்க பேரையும் போடுங்க" என்று கத்தி, கடிதத்தைக் கிழித்தெறிந்தேன்.

முதலாளி இன்னொரு கடிதம் தட்டச் சொல்லவில்லை. ட்ரோன்காரரின் வேலை தப்பியது. நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்லக்கா" என்று மட்டும் சொன்னார். அதன்பின் என்னோடு உட்கார்ந்து அவர் சாப்பிட்டதே இல்லை.

முதலாளி மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. ட்ரோன்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் 'கவனக்குறைவு' என்று தட்டிய என் மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.