எலிக்குட்டி ஈரலும் அக்காவின் குழந்தையும்

ஆராய்ச்சி என்றால் ஏதோ மேதாவிகளின் தொழில் என்று நினைப்பவர்கள், பிறந்த எலிக்குட்டியின் ஈரல் செல்களை ஒரு பகல் முழுக்க உயிரோடு வைத்துப் பார்க்கட்டும். தொண்ணூறுகளில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அதுதான் வேலை. குட்டி பிறந்து, பால் வயிற்றுக்குப் போகும்வரை, ஈரலில் சேர்த்து வைத்த கிளைகோஜன் உடைந்து சர்க்கரையாகித்தான் அதைக் காப்பாற்றுகிறது. எந்த மருந்து அந்த உடைப்பைத் தூண்டுகிறது, எது தடுக்கிறது என்று பார்ப்பேன். சோதனைக் குழாயோடு மாரடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கரண்ட் போன மத்தியானம்

செல்கள் பிழைத்திருக்க வெதுவெதுப்பான தண்ணீரில் குடுவைகள் ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு ஒரு மெஷின். குடுவைகளில் உடைப்பைத் தூண்டும் அட்ரினலினை விட்ட கையோடு கரண்ட் போயிற்று. நான் அழாத குறை. பக்கத்து மேஜை சுந்தரி தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு, பிளாஸ்க் வெந்நீரைத் தொட்டியில் ஊற்றினாள். கரண்ட் வரும்வரை இருவரும் கையாலேயே ஆட்டினோம். செல்கள் பிழைத்தன. டீ கொண்டுவந்த கேன்டீன் ஏழுமலை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், ரெண்டு பேரும் தொட்டில் ஆட்டிக்கினு கீறீங்க?"

மழையில் ஐஸ் பெட்டி

தி. நகர் ஏஜென்டிடம் வந்திருந்த சோதனை மருந்தை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டேன். ஐஸ் உருகினால் வீண். திரும்பும்போது அடைமழை, முழங்கால் தண்ணீரில் ஆட்டோ நின்றுபோனது. ஓட்டுநர் இறங்கி, புலம்பிக்கொண்டே தள்ளினார். பெட்டியில் என்ன என்று கேட்டார். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை ஏன் இறங்குகிறது என்று கண்டுபிடிக்கிற மருந்து என்றேன். புலம்பல் நின்றது. அடையாறு வந்து பெட்டியைத் தானே மாடிவரை தூக்கி வந்தார்.

"கொயந்த மேட்டர்னு மின்னாடியே சொல்லக் கூடாதா? பறந்துகினு வந்திருப்பேனேம்மா!"

மயிலாப்பூர் நர்சிங் ஹோம்

என் அக்காவுக்குப் பிரசவத்துக்கு முன் ரத்த அழுத்தம். டாக்டர் கொடுத்த மாத்திரையின் பெயரைப் பார்த்தேன். என் குடுவைகளில் கிளைகோஜன் உடையவிடாமல் தடுத்த அதே மருந்து. ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "தெரியும்மா. அக்காவுக்கு அது இல்லாமல் முடியாது. குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

பார்த்துக்கொண்டார்கள். பிறந்த உடனே குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இறங்கியிருந்தது. குழந்தை துவண்டு கிடந்தாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மெல்ல மெல்லக் கை கால் உதைத்து, வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று அக்கா கேட்டாள். எங்கெங்கோ என்னைப் போன்றவர்கள் எலிக்குட்டிகளை வைத்துப் பார்த்ததும் ஒரு காரணம் என்றேன்.

"அப்போ நாளைக்கு லேபுக்குப் போனதும், அதுகளுக்கு என் சார்பா ஒரு நமஸ்காரம் பண்ணிடுடி."

டாக்டர் பட்டம் வாங்கியும் எனக்கு ஒரு தலைவலிக்கு மருந்து சொல்லத் தெரியாது என்பதில்தான் எங்கள் தெருவுக்கு இன்னமும் வருத்தம்.