வெள்ளைத் துண்டும் நான்கு முட்டைகளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆறே முக்காலுக்குக் கண்மாயின் கிழக்கு மூலையில், பழைய தூம்புக் கல்லுக்கு எதிரே, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன்.
2. கல்லில் வெட்டியிருந்த எழுத்துகள் நிழலில் இருந்தன.
3. அந்த நிழலுக்குள் வெளிச்சத்தைத் திருப்ப, கேமராவில் பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துண்டை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தேன்.
4. காற்று அடித்தது. துண்டு படபடவென்று ஆடியது.
5. எனக்குப் பின்னால், மேற்குக் கரையில் காத்திருந்த ஊர் முழுவதும் "ஓ" என்று கத்திக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கியது.
6. அத்தனை பேரும் என்னைப் பார்த்து ஓடி வந்தார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் நான்கு முட்டைகள் இருந்தன.

தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. முடி அளவு பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். ஆறு நாள் அது. ஏழாம் நாள் ஸ்கூட்டரில் கேமராவை வைத்துக்கொண்டு குளத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்குப் போவேன். குன்றாண்டார்கோவில் குடைவரையை எடுத்திருக்கிறேன். சித்தன்னவாசல் பாறையில் வெயில் ஏறி இறங்குவதை எடுத்திருக்கிறேன். ஆனால் எனக்கு அதிகம் பிடித்தவை தூம்புக் கற்கள்தான். கண்மாய்க்குள் இரண்டு கல் தூண்கள், குறுக்கே ஒரு கல் சட்டம், கீழே துளை போட்ட ஒரு கல் தொட்டி. தண்ணீரை வேண்டும்போது திறந்து வேண்டாதபோது அடைக்க, என்றோ யாரோ செய்துவைத்த கருவி. கருவி என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

இந்தக் கண்மாய் மே மாதத்தில் வற்றத் தொடங்கியது. மண் அள்ளிய பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நின்றது. தூம்புக் கல்லிலிருந்து நாற்பது அடி மேற்கே, வெடித்த வண்டல் தரையில், ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் குழி, சுற்றிக் கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். முட்டையும் மண் நிறம். மூன்று அடி தூரத்தில் நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பறவையும் கல்லும் ஒரே படத்தில் வரவேண்டும் என்பது என் ஆசை. இரண்டு ஞாயிறு தள்ளியே உட்கார்ந்திருந்தும் பறவை கல் பக்கம் வரவே இல்லை.

அப்போதுதான் டீக்கடை அக்கா அடுத்த ஞாயிறு மீன்பிடித் திருவிழா என்றார். தண்ணீர் வற்றியதும் ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கும். பிடித்ததை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அன்று அந்தத் தரையில் ஆயிரம் கால்கள் ஓடும். முட்டைகளை நினைத்தேன். டீ ஆறிப்போனது.

கடை பெஞ்சில், தோளில் வெள்ளைத் துண்டோடு, ஊர்த் தலைவரான அம்பலகாரர் உட்கார்ந்திருந்தார். அவரிடமே சொன்னேன்.

"முட்டையா? எந்தக் கோழி?"

"கோழி இல்லைங்கய்யா, ஆள்காட்டி."

"ஆக்காட்டியா! ஊர்ல இம்புட்டு எடம் கெடக்கு, அதுக்குக் கம்மாய்க்குள்ள வந்துதான் போடணுமா?"

"அது கம்மாய்க்குள்ளதான் இருக்கு. நீங்கதான் வருசத்துக்கு ஒருநாள் எறங்குறீங்க" என்றார் டீக்கடை அக்கா, கிளாஸைக் கழுவிக்கொண்டே.

அம்பலகாரர் சிரித்துவிட்டார். "சரித்தா. எல்லாரையும் மேக்குக் கரையில நிறுத்துறேன். பள்ளமும் அங்கிட்டுத்தான் இருக்கு. என் துண்டு அசஞ்சாத்தான் ஒருத்தன் கால் நனையும். கெழக்கு மூலைப் பக்கம் ஒரு பய வரமாட்டான். போதுமா?"

"ஒன் ஆக்காட்டிக்காக எங்கள அம்புட்டுப் பேரையும் ஒரே கரையில நெருக்கியடிக்க விட்டுட்டியே தங்கச்சி" என்றார் அக்கா. "போன வருசம் வெறும் ஊத்தாவோட வீட்டுக்கு வந்தேன். எம் மாமியா இன்னும் சொல்லிக் காட்டுறாங்க. இந்த வருசம் ஒரு விராலாச்சும் புடிக்கல, நான் கொழம்புச் சட்டிய ஒடச்சுருவேன்."

ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை. அகன்ற வாயைச் சேற்றில் அழுத்தி ஊன்றி, மேல் வாய்க்குள் கையை விட்டு உள்ளே மாட்டிய மீனைத் தடவி எடுப்பார்கள். ஒருவர் ஊன்றிய ஊத்தாவுக்குப் பக்கத்தில் இன்னொருவர் போகமாட்டார். உள்ளே இருப்பது ஊன்றியவருக்கு.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, அம்பலகாரர் துண்டை அசைத்தால்தான் இறங்குவார்கள் என்பதையும் காதால் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை இரவு பையில் வைக்கவேண்டியவற்றின் பட்டியலில் ஆறாவதாக 'வெள்ளைத் துண்டு, பெரியது' என்று நான் எழுதினேன். எனக்கு அது வெளிச்சம் திருப்பும் சாமான். வேறு எதுவாகவும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அந்தச் சத்தம் கேட்டு, துண்டைப் பிடித்தபடியே தலையைத் திருப்பினேன். ஆள்காட்டி கிறீச்சிட்டு என் தலைக்கு மேலே கல் பக்கம் பாய்ந்தது. துண்டை இறக்கினேன். அது இன்னும் வேகமாக வீசியதுபோல் ஆகிவிட்டது. துண்டு வீசிய பக்கம்தான் மீன் என்று நினைத்து, வலை, ஊத்தா, கொசுவலை, அன்னக்கூடை, எல்லாம் பள்ளங்களைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. நான் "முட்டை! முட்டை!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

முதலில் ஓடி வந்தது டீக்கடை அக்கா. சேலையை இழுத்துச் செருகி, புது ஊத்தாவைத் தோளில் வைத்திருந்தார். என் வாயைப் பார்த்தார், என் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். ஓட்டத்தை நிறுத்தாமலே ஊத்தாவை இறக்கி, காய்ந்த தரையில், முட்டைகளின் மேல் கவிழ்த்து ஊன்றினார். பிறகு அதற்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏய், என் ஊத்தா! இங்கிட்டு வராதீங்கடா! அங்கிட்டுப் போங்க!"

கூட்டம் கல்லில் பட்ட ஆற்று நீர்போல இரண்டாகப் பிரிந்து, பள்ளங்களை நோக்கித் திரும்பி ஓடியது. ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டே கேட்டார்கள்.

"என்னக்கா, வறண்ட தரையில ஊண்டியிருக்க?"

"மண்விரால்டா! ஒங்களுக்கெல்லாம் அம்புடாது!"

"உள்ள எத்தன?"

"நாலு!"

அந்த நாலு பரவிவிட்டது. தள்ளி நின்ற பத்துப் பேர் பொறாமையோடு எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

கடைசியாக அம்பலகாரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். துண்டு தோளிலேயே இருந்தது.

"முப்பது வருசமா நான்தான் வீசுறேன். இன்னைக்கு நான் தோள்லேர்ந்து எடுக்கவே இல்ல. யாருத்தா ஒன்ன அம்பலகாரியாக்குனது?"

"தப்புதாங்கய்யா. படத்துக்காகப் பிடிச்சேன்."

"தப்புன்னா தண்டனை உண்டுல்ல? மீன்புடி முடியிறவரைக்கும் இந்த ஊத்தாவ விட்டு நீ நகரப்படாது." அக்காவைப் பார்த்தார். "நீ போ. சட்டி ஒடஞ்சுறப் போகுது."

"ஊத்தா இல்லாம எத வச்சுப் புடிக்க?"

"கை இருக்குல்ல?"

அக்கா போனார். நான் தண்டனையை அனுபவித்தேன். வெயில் முட்டையில் படக்கூடாது என்று ஊத்தாவின் மேல் அந்தத் துண்டையே போர்த்தினேன். அதன் நிழலில் நான்கும் கிடந்தன. விரிசல் இல்லை. இரண்டு முறை எண்ணினேன். சேற்றில் விழுந்து எழுகிறவர்களின் சிரிப்பும், கை தவறிய மீனைத் திட்டும் சத்தமும், ஆள்காட்டியின் கத்தலும் கலந்து கேட்டுக்கொண்டே இருந்தன. எனக்கும் சிரிப்பு வந்தது. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

எட்டு மணிக்கு அக்கா வந்தார். தலை முதல் கால் வரை சேறு. வெறுங்கையில், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்.

"ஊத்தா இருந்திருந்தா இது அம்புட்டிருக்காது தங்கச்சி. சகதிக்குள்ள படுத்துக் கெடந்துச்சு, நானும் படுத்தேன்."

கூட்டம் கரையேறியதும் ஊத்தாவை எடுத்தோம். இரண்டு பேரும் கரைக்குப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். இருபத்திரண்டு நிமிடம் பறவை சுற்றியது, இறங்கியது, எங்களைப் பார்த்தது, மறுபடி பறந்தது. பிறகு நடந்துபோய், குழியின் அருகே நின்று, காலை மடக்கி உட்கார்ந்தது.

"ஒக்காந்துருச்சு" என்றார் அக்கா, விராலை மடியில் வைத்துக்கொண்டு, மிக மெதுவாக.

வீட்டுக்கு வந்துதான் கேமராவைப் பார்த்தேன். பத்து விநாடி முடிந்து அது தன் வேலையைச் செய்திருந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் துண்டின் வெளிச்சத்தில் தெளிவாக இருந்தன. கல் சட்டத்துக்கு மேலே, இரண்டு சிறகையும் விரித்து, ஆள்காட்டி. ஒரு சிறகின் நுனி மங்கல். தொழிற்சாலையாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

பத்து நாள் கழித்து மூன்று குஞ்சுகள் பொரிந்தன. நான்காவது முட்டை பொரியவில்லை. குஞ்சுகள் அன்றே குழியை விட்டு நடந்து, தூம்புக் கல்லின் நிழலில் ஒதுங்கின. இப்போது மழை பெய்து அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. படம் டீக்கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அன்று பறிமுதலான என் துண்டு அம்பலகாரரிடம் இருக்கிறது. திருப்பித் தர மறுக்கிறார்.