யானை இல்லாத குழு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எனக்கு ஒரு விசித்திரமான வேலை இருந்தது. ரொறன்ரோவில் பிள்ளைகளுக்குப் பாட மென்பொருள் செய்யும் சின்னச் சின்ன நிறுவனங்களுக்குப் போய், 'இதனால் பிள்ளை உண்மையிலேயே ஏதாவது படிக்கிறதா' என்று சோதித்துப் பார்க்க உதவ வேண்டும். பல்கலைக்கழகம்தான் அனுப்பியது. எந்த நிறுவனமும் என்னைக் கண்டு மகிழ்ந்ததாக நினைவில்லை. கலியாண வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையின் சாதகத்தை இன்னொரு தரம் பார்ப்போம் என்பவளை யாருக்குப் பிடிக்கும்?

அப்படிப் போனவற்றில் ஒன்று, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், மீன்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. நிறுவனம் என்றால் ஓர் அண்ணையும் இரண்டு கணினிகளும்தான். பாண் சுடும் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் பின்னக் கணக்குப் படிப்பிக்கும் சீடி ஒன்றைச் செய்திருந்தார். பள்ளிக்கூடச் சபை அதை வாங்க வேண்டும். கோடைக்குள் வாங்காவிட்டால் திரும்பவும் பாண் தொழிற்சாலைதான் என்று மனைவி சொல்லிவிட்டார். சபையோ, முதலில் ஆதாரம் கொண்டு வா என்றது.

"ஆதாரம் கிடக்குது தங்கச்சி," என்றார் அண்ணை. "கோயில் தலைவர் பாத்திட்டு நல்லாயிருக்கெண்டு சொன்னவர். ஒரு டொக்டரும் சொன்னவர்."

"பிள்ளையள் படிச்சினமோ எண்டெல்லோ அண்ணை அவையள் கேக்கினம்."

"டொக்டரே நல்லதெண்டு சொன்னாப் பிறகு பிள்ளையளிட்டை என்னத்தைக் கேக்கிறது?"

சீடியைப் போட்டுப் பார்த்தேன். சரியான விடைக்கு மூலையில் ஒரு நட்சத்திரம் மின்னியது. பிழையான விடைக்கு ஒரு யானை கால் தடுக்கி விழுந்து, மூன்று தரம் உருண்டு, பிளிறியது. கீழ்க்கடைக்காரரின் மகள் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் கவனித்தேன். எல்லா விடையும் அவளுக்குத் தெரியும். மிகக் கவனமாகப் பிழையாகவே அழுத்தினாள்.

"பிழைவிட்டாத்தான் வேடிக்கை எண்டா பிள்ளை பிழைதான் விடும் அண்ணை. யானையை எடுத்துவிடுங்கோ."

"உந்த யானையை விழுத்த எனக்கு ஒரு பனிக்காலம் முழுக்கப் போனது தங்கச்சி."

யானை தங்கிவிட்டது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தேன். ஒரு குழுவுக்குச் சீடி. மற்றக் குழு வழக்கம்போல இருக்கும். கடைசியில் இரண்டுக்கும் ஒரே சோதனை. பெற்றோருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. மண்டபத்தில் கூட்டி விளக்கமாகச் சொன்னேன். முடித்ததும் ஒரு தாய் எழும்பினார்.

"என்ர மகள் ரெண்டாம் குறூப்போ?"

"முதலாம் ரெண்டாம் எண்டு ஒண்டுமில்லை அன்ரி. சீட்டுக் குலுக்கித்தான் போட்டது."

"சீட்டுக் குலுக்கினாலும் ரெண்டாவது ரெண்டாவதுதானே?"

சிரித்துச் சமாளித்தேன். கூட்டம் அமைதியாகக் கலைந்தது. யாழ்ப்பாணத்துத் தாய்மார் அமைதியாகக் கலைந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

பனி கரைந்த பிறகு சோதனை வைத்தோம். அந்த அறையிலேயே இருந்து திருத்தினேன். அண்ணை தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் குழு வென்றிருந்தது. மயிரிழையில் அல்ல, அடித்து நொறுக்கியிருந்தது. சீடிப் பிள்ளைகளுக்கு யானை எந்தப் பக்கம் உருளும் என்பது மட்டும் பிசகில்லாமல் தெரிந்திருந்தது.

அந்தத் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அன்ரி, மகள் வீட்டில ஏதும் புதுசாப் படிச்சவவோ?"

"பின்ன? மற்றப் பிள்ளையள் கொம்பியூட்டரில படிக்க என்ர பிள்ளை வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறதோ? அண்டைக்கே ரியூசனுக்கு விட்டிட்டன்."

"நீங்கள் மட்டுமோ?"

"ரெண்டாம் குறூப் முழுக்கத்தான். வான் வண்டி பிடிச்செல்லோ அனுப்புறம்!"

அண்ணையிடம் சொன்னபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இந்தச் சோதனை செல்லாது, இலையுதிர் காலத்தில் திரும்பச் செய்யலாம் என்றேன்.

"அப்ப நான் பாண் அடுக்கிக்கொண்டிருப்பன்," என்றார். பிறகு கேட்டார்: "தங்கச்சி, உங்கட ஆராய்ச்சிப்படி பிள்ளையளுக்கு எதுதான் பிரயோசனம்?"

"அடிச்சுச் சொல்லேலாது அண்ணை. ஆனா ரியூசன்தான் போல கிடக்கு."

"ம்," என்றார்.

கோடை முடிய முன்னமே அந்த அறைக்குள் பிள்ளைகள் இருந்து படிக்க வாங்குகள் வந்துவிட்டன. கதவில் 'கணித வகுப்பு' என்று எழுதியிருந்தது. ஆசிரியர் அவரேதான். எல்லாக் கணக்கையும் சரியாகச் செய்த பிள்ளைக்கு, கடைசியில் போய் யானையை விழுத்த அனுமதி. நான் போன நிறுவனங்கள் எல்லாம் பிடித்த முடிவைச் சட்டம் போட்டு மாட்டின. பிடிக்காததை மேசை லாச்சிக்குள் தள்ளின. ஆதாரம் சொன்னபடி நடந்தவர் இவர் ஒருவர்தான். அதற்காக மென்பொருள் விற்பதையே கைவிட்டுவிட்டார் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு எப்படி விளக்குவதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பெயர் பதியும் நாளில் வாழ்த்துச் சொல்லப் போனேன். மீன்கடை வாசல்வரை தாய்மார் நின்றார்கள். இடம் போதாததால் காலையில் ஒரு வகுப்பும் பின்னேரம் ஒரு வகுப்பும் வைக்கப்போவதாக அண்ணை மேலிருந்து கத்தினார். சீடிக் குழுவில் இருந்த பையனின் தாய் படியில் என் கையை எட்டிப் பிடித்தார்.

"பிள்ளை, போன முறை மாதிரி எங்களை ஏமாத்திப்போடாதேங்கோ. இந்த முறை என்ர மகனை ரெண்டாம் குறூப்பில போடுங்கோ."