காய் பார்க்கிற கண்ணாடி

போன வாரம் போடியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். படிக்கிற கண்ணாடி போடவேண்டிய வயது எப்போதோ வந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை நாளானது. கடைப் பெண் அட்டை ஒன்றைக் கொடுத்து, "வாசிங்க சார்" என்றாள். கடைசி வரியைப் பாதி கண்ணாலும் பாதி ஊகத்தாலும் வாசித்தேன். தெருவிலிருந்து ஏலக்காய் மணம் வந்தது. போடியில் அது எந்தக் கடைக்குள்ளும் வரும். எனக்குப் பேச்சியக்கா ஞாபகம் வந்தது.

என் முதல் வேலை ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் (குடோனுக்கு எங்கள் பக்கத்துப் பெயர்), மேற்பார்வை. சிரிக்காதீர்கள், மீசைகூடச் சரியாக முளைக்காத மேற்பார்வை. இருபது பெண்கள் கால்நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் காய் பொறுக்குவார்கள். வெடித்தது, வெளுத்தது, புழு துளைத்தது எல்லாம் தனித்தனியாகப் போகவேண்டும். சிலமலையிலிருந்து வரும் பேச்சியக்காதான் அதில் கெட்டிக்காரர். அவர் பிரித்த மூட்டையிலேயே துளைக்காய் கிடக்கிறதென்று சரக்கு திரும்பி வந்தது. இரண்டாவது தடவையும் வந்தது.

"நாளையிலருந்து வரவேணாம்னு சொல்லிரு" என்றார் முதலாளி.

தரையைப் பார்த்தபடி சொன்னேன். அக்கா மடியிலிருந்த முறத்தை இறக்கி வைத்தார். பிறகு, "கைக்குத் தெரியுது தம்பி, கண்ணுக்குத்தான் தெரியல. ஒரு நாளு பொறுங்க" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன். அங்கே காதர் பாய் பலகையில் கண்ணாடி பரப்பி வைத்திருப்பார். ஒன்றை மாட்டிவிட்டு, பழைய பேப்பரை நீட்டினார்.

"எனக்கு எழுத்து தெரியாதுண்ணே" என்ற அக்கா, முந்தி முடிச்சை அவிழ்த்தார். ஒரு பிடி ஏலக்காய். பிளாட்பாரத்திலேயே கால்நீட்டி உட்கார்ந்து மடியில் பரப்பிக்கொண்டார். "சோலி பாக்குற தூரத்துல தெரியணும்ல?"

ஒரு கண்ணாடியில் தலை சுற்றியது. இன்னொன்றில் காயை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் தெரிந்தது. ஏழாவதோ எட்டாவதோ மாட்டியதும் காயை விட்டுவிட்டுத் தன் கையையே பார்த்தார்.

"என் கையி எப்ப இப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். பிறகு மளமளவென்று துளைக்காய்களைப் பொறுக்கிப் பலகையில் வைத்தார்.

தடித்த கறுப்பு பிரேம். "அது ஆம்பளைக போடுறதாச்சே ஆத்தா" என்றார் பாய்.

"காய்க்குத் தெரியவா போகுது?"

மறுநாள் கிட்டங்கி முழுக்க ஒரே சிரிப்பு. அக்கா நிமிரவில்லை. முதலாளி தன் கையாலேயே ஒரு பிடி துளைக்காயை அவர் முறத்தில் கலந்துவிட்டு நின்று பார்த்தார். அத்தனையும் வெளியே வந்தன; கூடவே முதலாளி நல்லதென்று நினைத்திருந்த ஒன்றும். காம்பை ஒட்டி, ஊசி குத்தியதுபோல ஓர் ஓட்டை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அவர்.

"ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரவா மொதலாளி?" என்றார் அக்கா.

முதலாளி அந்தக் காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேலை நிலைத்தது. அடுத்த மாதத்துக்குள் இன்னும் ஆறு பேர் கறுப்பு பிரேமுக்கு மாறியிருந்தார்கள்.

இப்போது அங்கே காயைப் பிரிப்பது கேமரா வைத்த இயந்திரம். காதர் பாய் இல்லை. அந்தப் பிளாட்பாரமும் இல்லை. இயந்திரம் வந்த வருஷமே பேச்சியக்கா திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்புகிற அன்று சொல்லிக்கொண்டு போகக் கிட்டங்கிக்கு வந்து, "தம்பி எங்க?" என்று கேட்டாராம். நான் போடிமெட்டுக்கு லோடு பார்க்கப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நிற்கவில்லையாம்.