லேபிள் ஒட்டாத பசைக்கிண்ணம்

பெரியநாயகம் ஒரே காப்பி எஸ்டேட்டில் இருபத்தாறு ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அந்த இருபத்தாறு ஆண்டுகளில் லேபிள் ஒட்டாத ஒரு டப்பாவும் அவருடைய ஸ்டோரின் வாசற்படியைத் தாண்டியதில்லை. விஷமுள்ள சரக்காக இருந்தால் லேபிளின் மேல் சிவப்பு மையில் ஒரு மண்டையோடும் வரைவார். காப்பிச் செடிகளுக்கு மருந்தாக அடிக்கும் நீல நிற மயில்துத்தப் பீப்பாய்க்கு மட்டும் இரண்டு மண்டையோடுகள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பீப்பாயை யாராவது திருப்பி வைத்துவிட்டால் என்ன செய்வது என்பது அவருடைய கவலை. கவலைப்படுவதற்கு எப்போதும் ஏதாவது ஒன்று அவரிடம் இருந்தது.

ஆனால் வாய் திறந்து சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. எழுதி ஒட்டுவார், அவ்வளவுதான். வீட்டில் எதற்கும் லேபிள் தேவைப்படாததால், வீட்டில் அவர் செய்பவை யாருக்கும் தெரியாமலே நடந்தன. அரிசிப் பானையில் வேப்பிலை போட்டு வைப்பார். கதவின் கீல்களுக்கு எண்ணெய் விடுவார். மனைவி இன்பமேரி பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடிப்பாள்.

வாழவந்தி கிராமத்துக்கு மேலே, எஸ்டேட் குவார்ட்டர்ஸில் அவர்களுக்கு இரண்டு அறைகள். ஒரே மகள் தேவகுமாரி. செப்டம்பர் மாதத்தில் வரும் அவளுடைய பிறந்தநாளுக்குக் கடையில் ஒரு பொருளும் வாங்குவதில்லை என்பது அந்த வீட்டு ஒழுங்கு. கேக்கை இன்பமேரியே சுடுவாள்: அடுக்குச் சட்டியில் மணல் பரப்பி, மாவுக் கிண்ணத்தை நடுவில் இறக்கி, மூடியின் மேல் கரிநெருப்பு வைத்து. அலங்காரத்தை மூவரும் சேர்ந்து ஒரு வாரம் உட்கார்ந்து செய்வார்கள். ஒரு வருடம் தீப்பெட்டிகளால் ஒரு ரயில். மறு வருடம் சாக்குத் துணியில் ஓர் ஒட்டகம். அது கழுதை போலத்தான் இருந்தது, ஆனாலும் ஒட்டகம் என்றே அழைக்கப்பட்டது. செய்தவை எல்லாவற்றையும் தேவகுமாரி ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள்.

1974-ஆம் ஆண்டு, எட்டாவது பிறந்தநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்தபோது, போன வருடத்துக் காகித நட்சத்திரங்களைப் பூச்சி அரித்திருந்தது. பசை தடவிய இடமெல்லாம் சல்லடை. தேவகுமாரி அழவில்லை. அரித்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பெரியது சிறியது பார்த்துத் தரையில் அடுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் அழுவதைவிடக் கடினமாக இருந்தது பெரியநாயகத்துக்கு.

எஸ்டேட் ஆபீசுக்குச் சேலத்திலிருந்து வரும் புத்தக பைண்டர் ஒருவர், மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் பூச்சி கிட்டே வராது என்று எப்போதோ சொல்லியிருந்தார். பெரியநாயகத்துக்கு அது நினைவு வந்தது. காப்பிச் செடிகளுக்கு மருந்து அடிக்கும் காலம் அது; ஸ்டோரில் துத்தத்துக்குக் குறைவில்லை. மறுநாள் மேனேஜரிடம் கேட்டு, விரல்களால் கொஞ்சம் கிள்ளிக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பசை காய்ச்சினார். ஒரு சிட்டிகை போதுமா என்ற சந்தேகத்தில் மடித்து வந்தது முழுவதையும் போட்டார். இளநீலமாக வந்த பசையை ஒரு மண் கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேலைக்குப் போனார்.

அந்த வாரம் நட்சத்திரங்களும் தோரணங்களும் அந்தப் பசையில்தான் உருவாயின. வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டன. கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை பிறந்தநாள். அன்று அரைநாள் வேலை. ஆனால் மருந்தடிக்கும் ஆட்கள் சாமான்களைத் திருப்பித் தரத் தாமதமானதால் பெரியநாயகம் வீடு வந்து சேர நாலரை ஆகிவிட்டது. வழியிலேயே சத்தம் கேட்டது. வாத்துக் கூட்டம் ஒன்று சண்டையிடுவது போன்ற சத்தம். வீட்டுக்குள் ஒன்பது குழந்தைகள் சுவரோரமாக நின்று, ஆளுக்கொரு காகித ஊதலை வாயில் வைத்துக் கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருந்தார்கள். பழைய காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி, வாய் வைக்கும் நுனியில் இரண்டு காகித நாக்குகளை ஒட்டிச் செய்த ஊதல்கள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "இதெப்ப செஞ்சீங்க?" என்றார் இன்பமேரியிடம்.

"இன்னிக்குக் காலையிலதாங்க. குமாரி ஒரே அடம். எல்லாத்துக்கும் பீப்பி வேணுமாம். பத்துச் செஞ்சோம்."

"நல்லா ஒட்டியிருக்கே."

"நீங்க காச்சின பசை மிச்சம் கெடந்துச்சில்லீங்க, அதுலதான். சொட்டு நீலம் கலந்து வச்சிருந்தீங்களே, பாக்க நொம்ப அழகாக் கெடந்துச்சு."

அவருடைய சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. ஒன்பது வாய்கள். எச்சில் பட்டு ஊறிய காகிதம். மூன்று வருடங்களுக்கு முன், மருந்துப் பீப்பாயில் வாய் வைத்த ஓர் ஆட்டுக்குட்டி கூலியாட்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் இரண்டு நாள் துடித்தது அவர் கண்முன் வந்து நின்றது.

"குடுங்க சாமி, எல்லாரும் பீப்பியக் குடுங்க" என்று கைகளை நீட்டினார்.

"எதுக்குங்க?" என்றான் லயன் வீட்டுக் கந்தசாமியின் மகன். "என்னுது கசக்குதுங்க. அதுக்கு வேற குடுப்பீங்களா?"

"வேற தாரேன். எல்லாருக்கும் வேற தாரேன்."

ஒவ்வொன்றாக வாங்கினார். இன்பமேரியை அடுக்களைக்குள் இழுத்துப்போய் மூன்று வாக்கியங்களில் விஷயத்தைச் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "ஏனுங்க, ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?" என்றாள். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி வாய் கொப்பளிக்க வைத்தாள். காப்பிக்கு வைத்திருந்த பாலை ஆளுக்கு அரை டம்ளர் குடிக்கக் கொடுத்தாள். பிறந்தநாள் விளையாட்டு என்று எண்ணி அவர்கள் கொப்பளிப்பதிலும் போட்டி போட்டார்கள்.

பெரியநாயகம் ஊதல்களை எண்ணினார். ஒன்பது. மறுபடியும் எண்ணினார்.

"பத்தாவது எங்க?"

"எங்க கிளாஸ் செல்வி எடுத்துட்டுப் போயிட்டாப்பா" என்றாள் தேவகுமாரி. "அவளுக்கு அஞ்சு மணி பஸ். செம்மநத்தம் போகணுமில்ல? தம்பிப் பாப்பாவுக்குப் பல்லு மொளைக்குதாம், கையில கெடச்சதையெல்லாம் கடிக்குதாம். இந்தப் பீப்பியக் குடுத்தா நொம்பச் சிரிக்கும்னு சொன்னா."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணிக்கு மேல் ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

பஸ் சுற்றிக்கொண்டு போகும், நிறுத்தங்கள் பல. குறுக்கே காப்பித் தோட்டத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி ஏறினால் ஒருவேளை முந்தலாம். பெரியநாயகம் குடையைக்கூட எடுக்கவில்லை. வழியில் எஸ்டேட் டிஸ்பென்சரி திறந்திருந்தது. கம்பவுண்டர் மாதேஸ்வரன் வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே பெரியநாயகம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டார்.

"பெரிய கொழந்தைகன்னா பயமில்லீங்க" என்றார் மாதேஸ்வரன். "கசந்தா துப்பிடும். மிஞ்சிப்போனா ஒருதரம் வாந்தி எடுக்கும். கைக்கொழந்தைங்கிறீங்க... எத்தனை மாசம்?"

"எட்டு, ஒம்பது இருக்கும்."

மாதேஸ்வரன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "நின்னு பேசிட்டிருக்காதீங்க. ஓடுங்க. நான் ஜீப்பு கெடைக்குதான்னு பாத்துட்டு ரோட்டு வழியா வாரேன்."

காப்பிச் செடிகளின் நடுவே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அன்று காலையில்தான் மருந்து அடித்த தோட்டம் அது. இலைகளெல்லாம் நீலப் புள்ளிகள். ஓடும்போது அவருடைய சட்டையிலும் கைகளிலும் அந்த நீலம் ஒட்டியது. அவர் கையாலேயே அளந்து கொடுத்த துத்தம். பசையில் எத்தனை கிராம் போட்டேன்? மடித்துக் கொண்டுவந்தது எவ்வளவு? ஸ்டோரில் ஒரு குன்றிமணி எடையையும் தராசில் வைக்காமல் கொடுக்காதவர், வீட்டுக்குக் கொண்டுபோனதை விரல்களால் கிள்ளி எடுத்திருந்தார். அந்த அளவை நினைவுபடுத்த முயன்றபோதெல்லாம் அது பெரிதாகிக்கொண்டே போனது. ஓடையில் வழுக்கி விழுந்து, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஏறினார்.

அவர் செம்மநத்தம் ரோட்டை அடைந்தபோது, பஸ் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் விளக்குகள் அவர் மேல் விழுந்து விலகின.

செல்வியின் அப்பா சின்னசாமி மிளகும் ஆரஞ்சும் பயிர் செய்பவர். எஸ்டேட்டுக்கு அவ்வப்போது கூலி வேலைக்கும் வருவார். அவர் வீட்டுக்குள்ளிருந்து குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டது. பெரியநாயகம் கதவைத் தட்டவும் மறந்து உள்ளே நுழைந்தார்.

குழந்தை தன் தாய் காமாட்சியின் மடியில் கிடந்து, முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தது.

"வாந்தி எடுத்துச்சா?" என்றார் பெரியநாயகம்.

காமாட்சி திகைத்துப்போனாள். ஒற்றைச் செருப்பும் நீலம் படிந்த சட்டையுமாக ஒருவர் வீட்டு நடுவில் நின்று இப்படிக் கேட்டால் யார்தான் திகைக்கமாட்டார்கள்?

"அட, ஸ்டோர்காரரா! வாங்க வாங்க" என்றார் சின்னசாமி. "என்னங்க இது கோலம்? யாரு தொரத்துனாங்க?"

"கொழந்தை எதுக்குங்க அழுவுது?"

"எதுக்கா? அக்காக்காரி பீப்பியக் காட்டிட்டுக் குடுக்க மாட்டேங்கறா. அதுக்குத்தான் இந்தக் கச்சேரி."

அப்போதுதான் மூலையில் நின்ற செல்வியை அவர் பார்த்தார். ஊதலை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பஸ்ஸில் சாரல் அடிக்கும் என்று அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பாப்பாவுக்குக் கொடுப்பதாகத்தான் எண்ணம். ஆனால் வீடு வந்ததும் மனம் மாறிவிட்டது. பாப்பா வாயில் வைத்தால் எச்சில் பட்டுப் பிய்ந்துவிடும் அல்லவா?

"பாப்பா வாயில வைக்கவே இல்லையா கண்ணு?"

"இல்லீங்க."

"நீ?"

"உங்க ஊட்ல வச்சு ஊதினங்க. கசந்துச்சு. தொடச்சிட்டு அப்பறம் ஊதல."

பெரியநாயகம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கையை நீட்டினார். "அதக் குடுத்துரு கண்ணு."

"குடுத்ததத் திருப்பிக் கேக்குறீங்களே?" என்றாள் செல்வி. அவள் கண்கள் நிரம்பிவிட்டன.

காரணத்தைச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போக இப்போதும் வழி இருந்தது. வேறு நல்லதாகத் தருகிறேன் என்று சொன்னால் போதும். மற்ற ஒன்பது பேரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். சின்னசாமியின் வாய் அடங்காத வாய். நாளைக் காலைக்குள் செம்மநத்தமும் பக்கத்து ஊர் வெள்ளக்கடையும் சிரிக்கும், மேனேஜர் காதுக்கும் எட்டும். அந்த எண்ணம் வந்து போனது. ஆனால் குழந்தையின் ஈரமான வாய் எதிரிலேயே இருந்தது.

"அதுல துத்தம் கலந்திருக்கு" என்றார். "நாந்தான் கலந்தேன். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு பசையில போட்டேன். ஊட்ல யாருக்கும் சொல்லல. தப்பு என்மேலதான்."

சின்னசாமி சிரிக்கவில்லை. மருந்தடித்துப் பழகிய ஆள். துத்தம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். எழுந்து போய் மகளின் கையிலிருந்து ஊதலை வாங்கி அடுப்பில் போட்டார். துத்தம் பட்ட நுனி ஒரு கணம் பச்சையாக எரிந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"பீப்பாய்க்கு ரெண்டு மண்டையோடு போடுற ஆளு நீங்க" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"செம்புத் தண்ணிய எடு காமாட்சி. ஸ்டோர்காரருக்கு வாய் ஒலந்து கெடக்குது."

செல்வி விசும்பிக்கொண்டிருந்தாள். பெரியநாயகம் கைகளில் படிந்த நீலத்தைச் செம்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டுச் சட்டைப் பையைத் துழாவினார். மருந்தடிக்கும் ஆட்களின் பெயர்ப் பட்டியல் மடித்துக் கிடந்தது. அதைக் கூம்பாகச் சுருட்டி, "ஒட்டுறதுக்குக் கொஞ்சம் சோறு கெடைக்குமுங்களா?" என்றார். காமாட்சி நாலு பருக்கை கொண்டுவந்தாள். அவர் அவற்றை நசுக்கி நாக்குகளை ஒட்டினார். முதல் தடவை கோணலாகிவிட்டது. பிரித்து மறுபடியும் ஒட்டினார். நீட்டியபோது செல்வி வாங்கவில்லை.

"மொதல்ல நீங்க ஊதுங்க" என்றாள்.

அவர் ஊதினார். சோறு இன்னும் காயவில்லை; சத்தம் சரியாக வரவில்லை. ஆனால் அழுதுகொண்டிருந்த குழந்தை திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் வெளியே ஜீப் வந்து நின்றது. மாதேஸ்வரன் பையுடன் ஓடிவந்து, ஸ்டோர் கீப்பர் தரையில் உட்கார்ந்து பீப்பி ஊதுவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

அன்று இரவு பெரியநாயகம் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் லயன் வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "கொழந்தைக்கு வயித்துக்கு ஒண்ணுமில்லீங்களே?" கேட்டுவிட்டுக் காரணத்தையும் முழுவதுமாகச் சொன்னார். ஒரு வீட்டில் வசை கிடைத்தது. மற்ற வீடுகளில் காப்பி. கந்தசாமியின் மகன் ஒருமுறை வாந்தி எடுத்திருந்தான். கேக் நாலு துண்டு தின்றதால் என்றார் அவன் அம்மா. அதைப் பெரியநாயகம் நம்பவில்லை; அந்தப் பையனை மேலும் மூன்று நாட்கள் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவந்தார்.

நட்சத்திரங்களையும் தோரணங்களையும் வாங்கி வைத்த ஒன்பது ஊதல்களையும் இன்பமேரி குழி தோண்டிப் புதைத்தாள். மண் கிண்ணத்தை உடைத்து அதே குழியில் போட்டாள். அடுத்த சனிக்கிழமை பத்து ஊதல்கள் புதிதாகச் செய்ய மூவரும் உட்கார்ந்தார்கள். பெரியநாயகம் வெறும் மைதாவில் பசை காய்ச்சி இறக்கினார். தேவகுமாரி அதைத் தொடவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு விரலால் பசையை வழித்து வாயில் வைத்து விழுங்கினார்.

"மைதா. தண்ணி. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அதன் பிறகுதான் அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.