வெட்டாமல் விட்ட மாமரம்

எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதலில் அழுகைச் சத்தம் கேட்கும். அது அடங்குவதற்குள் கோடாலிச் சத்தம் கேட்கும். செத்தவரை அவரவர் விளையிலேயே, வீட்டைச் சுற்றிய தோட்டத்தில்தான், தெற்கு மூலையில் எரிப்பது வழக்கம். விறகுக்கு அந்த மண்ணில் வளர்ந்த மாமரத்தையே வெட்டுவார்கள். சாம்பல் ஆறியதும் அந்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை நடுவார்கள். பாறசாலைக்கும் குளத்தூருக்கும் இடையில் பல வீடுகளில் தெற்கே நிற்கும் தென்னையைக் காட்டி, இது அப்பன், இது அம்மை என்று சொல்ல ஆள் உண்டு. அதன் தேங்காயைக் குழம்புக்கும் அரைப்போம், அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

பெரியம்மை வீட்டில் பெரியப்பா அப்படித் தென்னையாகத்தான் நின்றார். பெரியம்மை என் அம்மாவின் அக்கா. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள். மற்ற நாளெல்லாம் எனக்குப் பெரியம்மைதான்.

மூன்று ஏக்கரையும் அவள் ஒருத்தியாகவே ஆண்டாள். ரப்பர், மரச்சீனிக் கிழங்கு, ஏத்தவாழை, இரண்டு பசு. தலையில் ஒரு துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன் விளையில் இறங்கினால் கஞ்சி நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஊரில் யார் மரச்சீனி நட்டாலும் கம்பு கேட்டு அவளிடம்தான் வருவார்கள். காசு வாங்க மாட்டாள். "கம்புக்கு வெல வாங்கினா கெழங்கு விழாதாக்கும்" என்பாள். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கேட்காமலே பால் போகும். காற்றில் வாழை சரிந்தால் அழ மாட்டாள், அரை மணி நேரம் நின்று காற்றைத் திட்டுவாள். காற்றுக்கு மானம் இருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்காது. உள்ளங்கை அகல மண் கிடைத்தாலும் ஒரு சேம்பு ஊன்றிவிடுகிறவள், பெரியப்பாவின் தென்னைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் நீளத்துக்கு எதுவும் நடாமல் விட்டிருந்தாள்.

விளையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மாமரம். மற்றவை ரப்பருக்காகப் போயின, ஒன்று பெரியப்பாவோடு போயிற்று. அந்த மரத்தின் இரண்டாவது கவட்டையில் ஏறி உட்கார்ந்தால் ரோட்டு வளைவு தெரியும். சனிக்கிழமை நான் அங்கே இருப்பேன். பஸ் நிற்பதும், அம்மா குடையை விரித்துக்கொண்டு இறங்குவதும் தெரியும். அவள் இறங்காமல் பஸ் போய்விட்டால் அதுவும் தெரியும். அன்றைக்கு இறங்கிவர நேரமாகும்.

எனக்கு ஒன்பது வயதானபோது பெரியம்மையின் கால்கள் வீங்கத் தொடங்கின. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்தார். அவர் மக்கள் மரத்தையெல்லாம் முன்பே விற்றிருந்ததால் நெய்யாற்றின்கரையிலிருந்து டெம்போவில் விறகு வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து அதைப் பார்த்துவிட்டு வந்த பெரியம்மை, "அடுத்தவன் மரத்தில வேகதுக்கு அவரு என்ன நாதியத்தவரா? எனக்கு அந்தக் கெதி வராது. எனக்கு உள்ள மரம் அங்க நிக்குது" என்றாள்.

மாமரம் எதற்காக விட்டு வைக்கப்பட்டிருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பெரியம்மை சாகப் போகிறாள் என்பது என்னைப் பயமுறுத்தவில்லை. மரம் போய்விடுமே என்றுதான் பயந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மறுநாள் அவள் கட்டிலருகே போய் நின்றேன்.

"பெரியம்மே, அந்த மரத்த வெட்டப்பிடாது."

"எப்பம் மக்கா?"

"பெரியம்மை செத்த பொறவு."

அவள் திட்டவில்லை. "பின்ன என்னைய எதில வேக வைப்பினும்?"

"எனக்குத் தெரியாது. மரம் இல்லேண்ணா அம்மை வாறது எனக்குத் தெரியாது."

ஜன்னல் வழியாகத் தெற்கே பெரியப்பாவின் தென்னையைப் பார்த்தாள். பிறகு, "சரி, வெட்டாண்டாம்" என்றாள். எனக்கு அது போதவில்லை. சத்தியம் செய்யச் சொன்னேன். என் தலையில் கை வைத்தாள். அந்தக் கையின் காய்ப்பில் என் முடி சிக்கி வலித்தது. முடியை விடுவித்துக்கொண்டு ஓடினேன்.

அன்று சாயங்காலம் அண்ணனை, அதாவது அவள் மகனை, உள்ளே கூப்பிட்டு ஏதோ பேசினாள். கண் சிவந்து வெளியே வந்த அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். நான் என்ன செய்தேன் என்று எனக்குக் கோபம் வந்தது.

மூன்று வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில் பெரியம்மை போய்ச் சேர்ந்தாள். யாரும் சொல்லி அனுப்பாமலே மரம் வெட்டுகிறவர் கோடாலியும் கயிறுமாக வந்துவிட்டார். நான் கவட்டையில் ஏறி உட்கார்ந்திருந்தேன். "கொச்சே, கீழ எறங்கு" என்றார். நான் இறங்கவில்லை. அதற்குள் அண்ணன் ஓடிவந்தான்.

"வெட்டாண்டாம் ஓய். அம்மை சொல்லீட்டுண்டு. டவுனுக்குக் கொண்டு போறோம்."

டவுனில் மின்சாரத்தில் எரிப்பார்கள், மரம் வேண்டாம். ஆனால் சொந்த மண் இல்லாதவர்கள்தான் அங்கே போவார்கள் என்பது அன்றைய எண்ணம். "மூணு ஏக்கர் உள்ளவளுக்கு ஆறடி இல்லியாடே?" என்று ஒரு மாமா கேட்டார். வெளியிலிருந்து விறகு இறக்கலாம் என்றார் இன்னொருவர். "அடுத்தவன் மரம் அம்மைக்கு வேண்டாம். அதும் சொல்லீட்டுண்டு" என்றான் அண்ணன். பெற்றவளை அந்நிய இடத்தில் போட்டவன் என்ற பேச்சு அவனுக்கு இன்றுவரை உண்டு. காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்டதில்லை. வருஷந்தோறும் ஒரு சாக்கு மாம்பழம் மட்டும் கொடுத்துவிடுகிறான்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களைத் தவிர ஒரு ராத்திரிகூட அந்த விளையை விட்டுத் தங்காத பெரியம்மை, வேனில் போனாள். வேன் ரோட்டு வளைவில் திரும்பி மறைவது கவட்டையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. எனக்கு சந்தோஷமாக இருந்தது.

சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். தென்னம்பிள்ளை நடவில்லை. நடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

சடங்கெல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மரத்தடிக்கு வந்தாள். "மரத்த நாந்தான் காப்பாத்தினேன். பெரியம்மைகிட்ட சத்தியம் வாங்கினேனாக்கும்" என்று மேலே இருந்தபடியே சொன்னேன். மெச்சுவாள் என்று காத்திருந்தேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நடந்து போய், பெரியப்பாவின் தென்னைக்குப் பக்கத்தில் இருந்த அந்த வெறும் மண்ணில் உட்கார்ந்து, அதைக் கையால் தடவித் தடவி அழுதாள். நட்ட செடி ஒன்றும் இல்லாத இடத்தில் எதைத் தடவுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பஸ் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று, பார்வையை மறைத்த ஒரு சிறு கிளையை ஒடித்துக் கீழே போட்டேன்.